கொடியில் தொங்கிய கைலி

எண்பதுகளில் ஜெலாப்பாங்கில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. நோயாளிகளைப் பார்க்க வருவோருக்கு ஓர் அறையை வாடகைக்கு விட்டோம்.

முதலில் வந்தவர் சித்தியவான் ஊர்க்காரர், வயதானவர். மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார். மறுநாள் காலை பையோடு கிளம்பினார். என் மனைவி ஏதோ கேட்க வாயெடுத்தாள்.

"போற ஆள எங்கன்னு கேக்காத லா, சகுனம் கெட்டுடும்" என்று தடுத்தேன்.

இரண்டு நாளாக ஆளைக் காணோம். காலி செய்துவிட்டாரா? கைலி கொடியில் தொங்குகிறதே. அவருக்கே ஏதாவது ஆகிவிட்டதா? அறை கேட்டு வந்த ஒரு குடும்பத்தை, என்ன சொல்வதென்று தெரியாமல் திருப்பி அனுப்பினேன்.

மூன்றாம் நாள் வந்து நின்றார்.

"சம்சாரம் பக்கத்துலயே இருந்துட்டேன் தம்பி. நீங்க கேக்கல, நானும் சொல்லல."

இப்போது வருகிறவர் செருப்பைக் கழற்றும்போதே எத்தனை நாள், ராத்தங்கல் இங்கேயா ஆஸ்பத்திரியிலா என்று எல்லாவற்றையும் கேட்டுவிடுகிறேன். கிளம்பும்போது மட்டும் இன்றும் கேட்பதில்லை.