முயல் வளையைத் தேடிப்போன பட்டாணி

எந்த மிருகம் எங்கே வாழ்கிறது என்று குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்க அந்த நர்சரி டீச்சருக்கு வெறும் படம் போதாது. புலி என்றால் நாற்காலிகளுக்கு நடுவே பதுங்குவாள். பனிக்கரடி என்றால் மின்விசிறியை முழுவேகத்தில் சுழலவிட்டு எல்லோரையும் நடுங்கச் சொல்வாள். அன்றைக்கு முயலின் முறை. மேசைமேல் போர்வையைப் போட்டு வளை செய்தாள். குழந்தைகள் ஒவ்வொருவராக உள்ளே தவழ்ந்துவிட்டு வந்தார்கள். நான்கு வயதுப் பட்டாணி மட்டும் வெளியே வருவேனா என்றாள்.

"டீச்சர், முயல் எங்க?"

"நிஜ முயல் இங்க வராதுடா கண்ணு. மண்ணுக்குள்ள நீளமா வளை தோண்டி, அதுல குடும்பத்தோட படுத்திருக்கும்."

சாயங்காலம் டீச்சர் தன் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பட்டாணியின் அப்பா செல்லில் கூப்பிட்டார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தையைக் காணோம்.

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாளா டீச்சர்?"

மண்ணுக்குள் வளை என்று தான் சொன்னது அவளுக்கு நினைவுக்கு வந்தது. பட்டாணியின் தெருவில் சாக்கடைக் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டிப்போட்டிருந்தார்கள்.

"குழாய்க்குள்ள பாருங்க!" என்று கத்திவிட்டு, போட்டது போட்டபடி ஓடினாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது பள்ளத்தைச் சுற்றிக் கூட்டம். சரிந்த மண் குழாயின் வாயைப் பாதி அடைத்திருந்தது. உள்ளேயிருந்து விசும்பல். ஆட்களோடு அவளும் இறங்கிக் கையால் மண்ணை வாரினாள். வெளியே இழுத்தபோது பட்டாணிக்கு உடம்பெல்லாம் சேறு; இடது மணிக்கட்டு ஒடிந்திருந்தது.

அம்மா குழந்தையை வாரி அணைத்துக்கொண்டு டீச்சரை ஏறிட்டாள். "முயல் பாக்கப் போனாளாம். யாரு சொல்லிக்குடுத்தது?"



மறுநாள் பள்ளியில் தலைமையாசிரியை திட்டவில்லை. "இனிமே படத்தைக் காட்டினா போதும்மா" என்றார். அதுவே சுருக்கென்று தைத்தது. அந்த வாரம் முழுக்க அவள் படத்தைத்தான் காட்டினாள். குழந்தைகள் கொட்டாவி விட்டார்கள்.

வாரக் கடைசியில் பட்டாணியைப் பார்க்கப் போனாள். அம்மா கதவைப் பாதிதான் திறந்தாள்.

"தூங்குறா."

"தூங்கல!" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "டீச்சர், அங்க முயலே இல்ல!"

டீச்சருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. அம்மாவின் முகம் இளகவில்லை. "தூக்கத்துல வீல்னு கத்துறா. கொஞ்ச நாள் வராதீங்க."

கதவு சாத்திக்கொண்டது.

தெருவில் இறங்கினால், பள்ளம் இன்னும் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. மேஸ்திரி நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"மூடுங்கண்ணே இதை."

"நாளைக்குப் பலகை வந்துடும்மா."

"அதோ கெடக்குதே, அது என்ன?"

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். அவள் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பலகையின் ஒரு முனையைத் தூக்கினாள். வேறு வழியில்லாமல் அவர் எழுந்து வந்து மறுமுனையைப் பிடித்தார்.