அரஃபா நோன்பன்று ஹபீபா அக்கா சொன்ன வார்த்தை

ஹபீபா அக்கா இறந்துவிட்டார்.

காலையில் அவருடைய தம்பி மகள் போன் செய்தாள். மதியம் லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கமாம்... சென்னையில் முட்டிவலியோடு உட்கார்ந்திருக்கிற நான் எங்கே போய்ச் சேர்வது.

அறுபதுகளில் சிவகாசியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நாங்கள் இருவரும் நர்ஸ். நான் ட்ரெயினிங் முடித்து வந்த புதுசு, அக்கா சீனியர்.

தீக்காயத்துக்கு டிரெஸ்ஸிங் மாற்றும்போது அலறுகிறவர்களிடம் "அம்புட்டுத்தான்... இந்தா முடிஞ்சிருச்சு" என்பார். முடிந்திருக்காது. ஆனாலும் நம்புவார்கள்.

அந்த வேலையால்தான் அவருக்குத் தலாக் ஆனது. "ஊரான் ஆம்பளைகளத் தொட்டு மருந்து போடுறவ எனக்கு வேண்டாம்" என்று ஜமாத்தார் முன்னால் சொல்லிவிட்டாராம் கணவர். அக்கா என்னிடம் இதை ஒரே ஒருமுறைதான் சொன்னார். அழவில்லை.

ஒரு வருஷம், ஹஜ்ஜுக்குக் கிளம்புமுன், அந்த மனிதர் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தார். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். பம்பாய் போய்க் கப்பல் ஏற வேண்டிய காலம்... திரும்பி வருவது நிச்சயமில்லை.

"உன் மனச நோகடிச்சிருக்கேன். பொறுத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு ஹபீபா."

அக்கா கையில் இருந்த ட்ரேயோடு வார்டுக்குள் போய்விட்டார். அந்த மனிதர் வெகுநேரம் வெயிலிலேயே நின்றுவிட்டுப் போனார்.

பிறகு அரஃபா நாள் வந்தது. பக்ரீத்துக்கு முந்தின நாள். ஹாஜிகள் மக்கா பக்கம் அரஃபா மைதானத்தில் நின்று பாவமன்னிப்புக் கேட்பார்கள், ஊரில் இருப்பவர்கள் நோன்பு வைப்பார்கள். அக்காவும் நோன்பு.

அன்றைக்குத்தான் விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலக்குகிற ரூம் வெடித்தது. காயம்பட்டவர்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். வராந்தா முழுக்கப் பாய் விரித்தோம்.

"ஒரு வாய் தண்ணியாச்சும் குடிங்கக்கா. ஆண்டவர் கோவிச்சுக்கிட மாட்டாரு" என்றேன். தலையை மட்டும் ஆட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

ஒருவர், நெஞ்சு முழுக்க வெந்திருந்தது... அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. "காலையில பொஞ்சாதிய அடிச்சிட்டு வேலைக்கு வந்துட்டேன் சிஸ்டர். அவள வரச் சொல்லுங்க. நான் மன்னிப்புக் கேக்கணும்."

ஆள் அனுப்பினோம். அந்தப் பெண் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து சேர்வதற்குள் அவர் போய்விட்டார்.

அக்காதான் அவர் கேட்டதைச் சொன்னார். அந்தப் பெண் பாயருகே உட்கார்ந்து, "நான் அத அப்பவே மறந்துட்டேனே... அதச் சொல்லக்கூட விடாம போயிட்டீகளே" என்று கதறினார்.

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

சாயங்காலம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழமும் தண்ணீருமாக நோன்பு திறந்தார். ரொம்ப நேரம் கையேந்தி துஆ கேட்டார். அப்புறம் என்னைப் பார்த்து,

"பொறுத்துட்டேன்னு சொல்லிட்டேன் ஸ்டெல்லா. அவுக இன்னைக்கு அரஃபாவுல நின்னு கேட்டுருப்பாக. நான் சொன்னது அவுகளுக்குக் கேக்காது... அல்லாவுக்குக் கேக்கும்ல."

கப்பல் திரும்பியது. அந்த மனிதரும் நல்லபடியாக வந்து சேர்ந்தார். ஒரு பாட்டிலில் மக்காவின் புனிதக் கிணற்று ஜம்ஜம் தண்ணீரோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அக்கா தானாகவே சொன்னார், பொறுத்துவிட்டேன் என்று. வந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்சம் தைரியம் வந்து, "மறுபடி நிக்காஹ் செஞ்சுக்கிடுவோம். இந்த வேலைய மட்டும் விட்டுரு" என்றார்.

"பொறுத்தது பொறுத்ததுதான். அதுல மாத்தமில்ல. ஆனா நான் வரமாட்டேன்."

சத்தமே உயரவில்லை. "உள்ள ஆளு காத்துக்கிட்டிருக்கு. நீங்க பாத்துப் போங்க."

அவர் போன பிறகு, அந்தத் தண்ணீரில் எனக்கும் ஒரு மடக்கு கொடுத்தார். இருவரும் நின்றுகொண்டே குடித்தோம்.

ரிட்டயர் ஆகும்வரை அக்காவுக்கு அதே வார்டு. வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

அவர் படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அதனால்தான் இவ்வளவு எழுதினேன்.

தூங்குங்கக்கா... இனிமே உங்கள யாரும் டியூட்டிக்கு எழுப்ப மாட்டாக.