இல்லாத கேட்டுக்கு ஊதுகிற ரயில்

டெல்லி மயூர் விஹாரில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் தண்டவாளம். அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் போர்டு. கறுப்பு எழுத்தில் டபிள்யூ பை எல் என்று போட்டிருக்கும், கீழே ஹிந்தியில் சீ பை ஃபா. சீ என்றால் சீட்டி, ஃபா என்றால் ஃபாடக். கேட் வருகிறது, ஊது என்று டிரைவருக்குச் சொல்கிற போர்டு அது. அதைப் பார்த்ததிலிருந்து கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் அவர் விடாமல் ஊத வேண்டும். ஊதாவிட்டால் விளக்கம் கேட்பார்கள்.

விதியில் ஒரு குறையும் இல்லை. கேட்தான் இல்லை. நாங்கள் குடிவருவதற்கு முன்பே அதை மூடி, இரண்டு பக்கமும் சுவர் எழுப்பி, ஜனங்கள் போக வர சுரங்கப்பாதை போட்டுவிட்டார்கள். அந்தச் சுவர்மேல் அக்கம்பக்கத்தார் ரஜாய், அதாவது குளிருக்குப் போர்த்துகிற கனத்த பஞ்சுப் போர்வை, காயப்போடுவார்கள். காய்கிற ரஜாய்களைப் பார்த்து ஒவ்வொரு ரயிலும் அலறிக்கொண்டு போகும்.

மற்றவர்களுக்கெல்லாம் பழகிவிட்டது. எனக்குப் பழகவில்லை, ஏனென்றால் நான் குரல் கொடுத்துப் பிழைக்கிறவள். பேங்குக்குப் போன் போட்டால் தமிழுக்கு இந்த எண்ணை அழுத்தவும் என்று ஒரு பெண் சொல்வாளே, அந்த ஜாதி. வேலை பார்த்த ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். அதன்பிறகு எங்கள் படுக்கையறை அலமாரிதான் ஸ்டூடியோ. டெல்லியில் எல்லார் வீட்டிலும் ரஜாய் அடுக்க ஒரு பெரிய அலமாரி இருக்கும். அதற்குள் மைக்கோடு உட்கார்ந்துகொண்டால் எதிரொலியே வராது. மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டு, ரஜாய்களுக்கு நடுவில் வியர்த்து வழிந்துகொண்டு, குளுகுளு என்று ஏ.சி. விளம்பரம் பேசியவள் நான்.

ரஜாய் எதிரொலியைத் தடுக்கும், ரயிலைத் தடுக்காது. ஹாரன் சத்தத்தாலேயே கைக்கு வந்த வேலைகள் போயின. கடைசியாக ஒன்று வந்தது. என்ன வேலை என்கிறீர்கள்? தமிழ்நாட்டு ரயில்வே கேட்களில் ஜனங்கள் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லும் அறிவிப்புகள். ஏஜென்சியில் பேசிய பையன் மரியாதையாகத்தான் சொன்னான்: “இந்தத் தடவையும் ஹாரன் வந்தா கம்ப்யூட்டர் வாய்ஸே போட்டுக்கறோம் மேடம். அதுக்கு ரயில் தொந்தரவு கிடையாது.” இது போனால் அடுத்ததற்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள். கம்ப்யூட்டர் ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் எழுந்து போகாது.

இந்த இடத்தில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு மத்திய அரசு வேலை. தண்டவாள ஓரத்து போர்டுகள், எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எங்கே எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகளைப் பார்த்துக்கொள்கிற செக்‌ஷனில் அதிகாரி. பொதுமக்களின் மனுக்களுக்குப் பதில் எழுதுவதும் அவரேதான்.

“ஏங்க, அந்தப் போர்டைப் பிடுங்கிப் போடச் சொல்லுங்க” என்றேன்.

“அப்படில்லாம் சொல்ல முடியாது. பொதுமக்கள்கிட்ட இருந்து மனு வரணும்.”

“நான் பொதுமக்கள் இல்லையா? அதான் சொல்லுதேன்லா.”

“வீட்ல வச்சு சொல்லுதது மனு ஆகாது.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். உடனே எழுதினேன். கேட்டே இல்லாத இடத்தில் டிரைவர்கள் ஏன் ஊதுகிறார்கள் என்று கேட்டு, அவர் அலுவலகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். பதிலும் வந்தது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து கறிவேப்பிலையும் அப்பளமும் கொண்டுவருகிற பையிலேயே அவர் அதையும் கொண்டுவந்திருக்கலாம். ஸ்பீட் போஸ்டில் வந்தது. தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது, போர்டு இருக்கும் இடத்தில் ஊதுவது விதிப்படி சரியே, ஆகவே மேல்நடவடிக்கை தேவையில்லை என்று ஆங்கிலத்தில் இருந்தது. கீழே, எங்கள் சமையல் கேஸ் புக்கில் இருக்கிற அதே கையெழுத்து.

சாயங்காலம் அவர் வந்ததும் முகத்துக்கு நேரே நீட்டினேன். “இது யாரு கையெழுத்து?”

“சம்பந்தப்பட்ட அதிகாரி.”

“அந்த அதிகாரிக்கு ராத்திரி சப்பாத்தி வேணுமா?”

“அது வேற டிபார்ட்மெண்ட்” என்றார். சிரிக்கக்கூட இல்லை, பாவி.

ஆனால் சாப்பிடும்போது, என்னைப் பார்க்காமல் ஃபேனைப் பார்த்துச் சொன்னார்: “ஏன் ஊதுதாங்கன்னு கேட்டா, ஊதத்தான் செய்வாங்கன்னுதான் பதில் வரும். போர்டை எடுக்கணும்னு கேட்டா, ஆள் போய் இடத்தைப் பார்த்தே ஆகணும். விதி இருக்கு.” மனைவிக்கு ஆலோசனை சொன்னதாக ஆகிவிடக் கூடாதாம். ஃபேனுக்குச் சொன்னால் பரவாயில்லை.

ஃபேனுக்குச் சொன்னபடியே, போர்டை எடுக்க வேண்டும் என்று மறுபடி எழுதினேன். இடத்தை வந்து பார்த்தார்கள். சுவரைத் தட்டிப் பார்த்து, கேட் இல்லை என்று ஒப்புக்கொண்டார்கள். ஏஜென்சிக்கு என் குரல் பதிவை அனுப்ப வேண்டிய அதே வாரத்தில் போர்டைப் பிடுங்க ஆட்கள் மண்வெட்டியோடு வந்து இறங்கினார்கள். எனக்கு வந்த சந்தோஷத்தில் எல்லாருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன்.

டீயைக் குடித்துவிட்டு அவர்கள் முதலில் செய்த காரியம், எங்கள் பால்கனிக்கு நேரே இன்னொரு மஞ்சள் போர்டை நட்டது. தண்டவாளத்தை ஒட்டி ஆட்கள் வேலை செய்தால், வருகிற ரயில் ஊதி அவர்களை எச்சரிக்க வேண்டும். அதற்குத் தற்காலிகமாக ஒரு விசில் போர்டு வைக்க வேண்டும். அதுவும் விதி. ஆக, அன்றைக்கு ரயில்கள் புதுப் போர்டுக்கு ஒரு தடவையும் பழைய போர்டுக்கு ஒரு தடவையும் ஊதின. நான் அலமாரிக்குள் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டேன்.

பழைய போர்டைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். புதுப் போர்டு அங்கேயே நின்றது. அப்போ இந்தப் போர்டு என்று பால்கனியிலிருந்து ஹிந்தியில் கத்தினேன்: “பையா, யே வாலா?”

சூப்பர்வைசர் பொறுமையாக விளக்கினார். இதை எடுக்க வேண்டும் என்றால் இங்கே ஆட்கள் வேலை செய்ய வேண்டும். ஆட்கள் வேலை செய்ய வேண்டும் என்றால் ஒரு போர்டு நட வேண்டும். அதற்கு ஆர்டர் இல்லை. அச்சா மேடம்ஜி, டீ நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

கணவர் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். என் குரலை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம், அவ்வளவுதான். “அந்த சூப்பர்வைசர் சொன்னது சரிதான்” என்றார் இவர். அப்போது அவரைக் கடித்துக் குதறியிருப்பேன். அதற்குள், “நாளைக்கு லீவு போடுதேன்” என்றார். காய்ச்சலுக்கே லீவு போடாத மனுஷன்.

மறுநாள் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் சிவப்பு ஈரிழைத் துண்டு, இன்னொரு கையில் என் பச்சை துப்பட்டா. தண்டவாளம் வளைகிற இடம் வரைக்கும் அங்கிருந்து தெரியும். அலமாரிக் கதவில் ஒரு கண் அளவுக்கு இடுக்கு விட்டு நான் உள்ளே இருந்தேன். சிவப்பு என்றால் வாயை மூட வேண்டும், பச்சை என்றால் பேசலாம். அதோடு விடுவாரா? சிக்னலைப் பார்த்தேன் என்பதற்கு நான் கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டுமாம். காட்டாவிட்டால் பச்சை செல்லாது. வீட்டு வேலை செய்கிற அம்மா பெருக்க வந்து, என் கை மட்டும் அலமாரியிலிருந்து நீண்டதைப் பார்த்து, துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் போனாள்.

இப்படியே ஒவ்வொரு வாக்கியமாகப் பேசினேன். வெயிலில் அவர் முகம் சிவந்துவிட்டது. உள்ளே வரச் சொன்னால், பணியிடத்தை விட்டு நகரக் கூடாது என்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர்மேல் எனக்கு அப்படி ஒரு பிரியம் வந்ததில்லை.

கடைசி வாக்கியம் மட்டும் பாக்கி. அப்போது வாசல் மணி அடித்தது. நான்தான் போய்த் திறந்தேன். ஸ்பீட் போஸ்ட். அவருடைய அலுவலகத்திலிருந்து, அவருடைய கையெழுத்தோடு. கொண்டுபோய் அவரிடமே கொடுத்தேன். பிரித்து, ஆபீஸ் குரலில் எனக்குப் படித்துக் காட்டினார்: மேற்படி இடத்தில் தற்போது விசில் போர்டு எதுவும் இல்லை, கோப்பு முடிக்கப்படுகிறது.

“சரியாத்தான் எழுதியிருக்கு” என்றார் திருப்தியாக.

நான் அலமாரிக்குள் போனேன். இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வளைவைப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்தார். இல்லாத போர்டைப் பார்த்து ரயில் ஊதியது. கடைசிப் பெட்டி போகிற வரைக்கும் அவர் கை இறங்கவில்லை.

பச்சை ஆடியது. நான் கையை நீட்டிக் காட்டினேன். ரயில் ஊதினால் நின்றுவிடுங்கள் என்று தமிழ்நாட்டுக்கு ஒரே மூச்சில் சொன்னேன். சுத்தமாக வந்தது.