வசந்தா அக்காவின் ரிவர்ஸ் லைட்

அன்று காலை நான் முதலில் கவனித்தது காரின் ஓட்டுநர் இருக்கையைத்தான். அது பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது.

வரதன் சாரின் காரை ஓட்டும் வசந்தா அக்கா குள்ளம். இருக்கையை முழுவதும் முன்னால் இழுத்து, ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டு, அதன் மேல்தான் உட்காருவார். அந்தத் துண்டு பின் சீட்டில் கிடந்தது. இரண்டு நாட்களாக அக்கா வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்திருந்தோம். துணிக்கூடையோடு நான் அங்கேயே நின்றுவிட்டேன். கார் சாவியோடு வரதன் சார் வெளியே வந்தார். அவர் பின்னால் உயரமான புது ஆள் ஒருவர்.

"வசந்தா போயிட்டாம்மா," என்றார் சார். "முந்தாநாள். நெஞ்சு வலின்னு உக்காந்தவ எழுந்துக்கலை. நேத்து லால்குடி போய்ப் பார்த்துட்டு வந்தேன். உங்கிட்ட சொல்ல வாய் வரலை."

எனக்கும் வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வராது. பதினாறாம் நாள் அக்காவைப் பற்றி நாலு வார்த்தை பேசு என்று சார் கேட்டபோதும், எழுதித் தருகிறேன், யாராவது படியுங்கள் என்றுதான் சொன்னேன். லால்குடியிலிருந்து வந்திருக்கும் உறவினர்களுக்கு அக்காவை வீட்டில் தெரியும். எங்கள் சந்தில் அவர் எப்படி இருந்தார் என்பதை நான் சொல்கிறேன்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் சந்து ஒரு முட்டுச்சந்து. சந்தின் கடைசி வீடு வரதன் சாருடையது. அங்கே காரைத் திருப்ப இடம் கிடையாது. உள்ளே நேராக வந்த கார் தெருமுனை வரை பின்னாலேயே போக வேண்டும். பாதி வழியில், மதிலோரம், அப்பாவின் தேய்ப்பு வண்டி நிற்கும். அப்பாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஹார்ன் அடித்துப் பயனில்லை. நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். யாராவது ஒருவர் அப்பாவின் பக்கத்தில் காதாக நிற்க வேண்டியிருந்தது.

வசந்தா அக்காவின் கார் வரும்போது மட்டும் நான் தேவைப்பட்டதில்லை. அக்கா ரிவர்ஸ் கியர் போட்டதும் பின்னால் வெள்ளை விளக்கு எரியும். இரண்டு பக்கமும் உயர்ந்த மதில். பகலிலும் சந்து நிழலாகவே இருக்கும். அந்த வெள்ளை ஓரக்கண்ணில் பட்டாலே அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, மதிலோடு ஒட்டி நின்று, கையை உயர்த்துவார். அந்தக் கையைக் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் அக்கா காலைக் கிளட்சிலிருந்து எடுப்பார். ஆறு வருடம் இருவரும் பேசிக்கொண்டது அப்படித்தான்.

போன வருடம் ஆடியில் ஒருநாள் அந்த விளக்கு எரியவில்லை.

அக்கா பல்பை மாற்றிப் பார்த்தார். ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தார். எரியவில்லை. காந்தி மார்க்கெட் பக்கத்தில் ஒரு மெக்கானிக், வண்டியை விட்டுவிட்டுப் போங்கள், ஒரு வாரம் ஆகும் என்றார். அவசரமென்றால் ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு பட்டன் வைத்துத் தருகிறேன், பின்னால் எடுக்கும்போது அழுத்திக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். வரதன் சாருக்கு அந்த யோசனை பிடித்திருந்தது.

"பேஷா பட்டன் போட்டுக்கோயேன் வசந்தா. அரை மணி வேலை."

"வேணாம் சார். அழுத்த மறந்துருவேன். நான் மறப்பேன், கியர் மறக்காது. அதுக்குத்தான் விளக்க கியரோட கட்டி வச்சிருக்காங்க."

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் அக்கா காரை விட்டு இறங்கினார். சந்தின் பாதி தூரம் நடந்து வந்து, அப்பாவின் தேய்ப்பு மேசையை இரண்டு தட்டு தட்டி, கையால் பின்னால் காட்டிவிட்டு, திரும்ப நடந்து போய் ஏறுவார். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நான்கு தடவை. நான் பக்கத்தில் நின்றாலும் என்னிடம் சொல்லிவிட்டுப் போகமாட்டார். அப்பாவிடமே சொல்வார். சார் பின் சீட்டிலிருந்து கத்துவார்: "பெருமாளே இவ்வளவு நேரம் காக்க வைக்க மாட்டாரேம்மா!"

"பெருமாளுக்கு ரிவர்ஸ் கிடையாது சார்," என்பார் அக்கா.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா இறங்கவில்லை. சாரின் மகள் ரயிலில் வந்து இறங்கிக் காத்திருந்தாள். சார் அவசரப்படுத்தினார். நான் துணி கொடுக்கப் போயிருந்தேன். காலிக் கூடையோடு முனை திரும்பும்போது சத்தம் கேட்டது. கார் இடித்ததில் தேய்ப்பு வண்டி சாய்ந்து கிடந்தது. பெட்டி கவிழ்ந்து கங்கு தரையெல்லாம் சிதறியிருந்தது. அப்பா ஒரு காலைத் தூக்கிக்கொண்டு மதிலில் சாய்ந்திருந்தார். புறங்கால் வெந்திருந்தது.

சந்து முழுக்கக் கூடிவிட்டது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல்: "காது கேக்காதவரு வண்டி வர்ற வழியில நிக்கலாமா? இன்னிக்குக் காலு. நாளைக்கு உயிரு போனா யாரு பதில் சொல்றது?" இன்னொருவர், வண்டியை மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னார். சாரும் பயந்துபோயிருந்தார். "திங்கட்கிழமைக்குள்ள வேற இடம் பாத்துக்கச் சொல்லும்மா உங்கப்பாவை. அவருக்குத்தான் நல்லது," என்றார். மெயின் ரோட்டில் பஸ்கள். அங்கே ஏற்கெனவே இரண்டு தேய்ப்பு வண்டிகள். அங்கே போனால் எங்களுக்கு எதுவும் மிஞ்சாது. அது எனக்குத் தெரியும். சொல்லத்தான் தெரியவில்லை.

அக்கா அப்பாவின் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்படியே நிமிர்ந்து சொன்னார்:

"அண்ணனுக்குக் காது கேக்காதது இன்னிக்கு நேத்தாங்க? எனக்குத் தெரியும்ல. நான் இறங்கிச் சொல்லணும், சொல்லல. தப்பு என்னுது. அவர ஏன் கெளப்புறீங்க?"

பிறகு சாரிடம், "ஞாயித்துக்கிழமை வரைக்கும் குடுங்க சார். லைட்டு எரிஞ்சா அண்ணன் இங்கயே இருக்கட்டும். எரியலைன்னா அவரு வண்டியும் போகட்டும், நானும் போயிடுறேன்," என்றார்.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். என்ன பேசுகிறார்கள் என்று கையால் கேட்டார். அக்கா சொன்னதைக் கையால் சொன்னேன். அப்பாவுக்கு ஏதாவது நடந்தால், தப்பு அப்பாவுடையது என்றுதான் அதுவரை எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஊரே நிற்கும்போது ஒருவர் அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொண்டதை அன்றுதான் பார்த்தேன். எங்கள் வண்டியிலிருந்து சாரின் கருகிய வேட்டியை அக்கா எடுத்து உதறினார். "எரிஞ்சதும் சாரோடதுதான். அதுவரைக்கும் நல்லது," என்றார். சாரே சிரித்துவிட்டார்.

ஞாயிறு அக்காவுக்கு விடுமுறை. ஆனால் முதல் பஸ்ஸிலேயே லால்குடியிலிருந்து வந்துவிட்டார். பானட்டைத் திறந்து, ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்தார். கியர் பாக்ஸின் மேல் கட்டைவிரல் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் இருந்தது. அதிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்து ஒயர் முனையின் இரண்டு ஓட்டைகளிலும் செருகினார்.

"தேவி, சாவியத் திருப்பு. ஸ்டார்ட் பண்ணிடாத."

காரின் பின்னால் அப்பா காலில் கட்டோடு நின்றிருந்தார். அவர் கை சட்டென்று உயர்ந்தது. விளக்கு எரிகிறது!

"அப்ப ஒயரு நல்லாருக்கு, பல்பு நல்லாருக்கு. இந்தப் பயதான் தூங்குறான்," என்று ஸ்விட்சைத் தட்டினார் அக்கா. ஹேர்பின்னை எடுத்துத் திரும்பத் தலையில் குத்திக்கொண்டார். பெரிய ஸ்பேனரை மாட்டி, உடம்பின் எடையை எல்லாம் அதன் மேல் போட்டார். ஸ்விட்ச் கழன்று வந்தது. அதன் முனையில் மிளகு அளவுக்கு ஒரு குண்டு. கியரை ரிவர்ஸில் போட்டால் உள்ளே ஏதோ ஒன்று வந்து அந்தக் குண்டை அழுத்துமாம்; அழுத்தினால் விளக்கு எரியுமாம். அவ்வளவு பெரிய கார் அந்த மிளகின் வழியாகத்தான் அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தது என்று நினைத்தபோது எனக்குப் புல்லரித்தது.

வாங்கி வந்திருந்த புது ஸ்விட்சைக் கையால் திருகினார். அரைச் சுற்றில் நின்றுவிட்டது. ஸ்பேனர் போட்டால் போய்விடும் என்று நான் நினைத்தேன். அக்கா போடவில்லை.

"ரெண்டு சுத்து கையாலயே உள்ள போகணும். போகலைன்னா அது நம்ம பொருள் இல்ல," என்று வெளியே எடுத்துவிட்டார். தூசி விழாமல் இருக்க ஓட்டையில் பழைய ஸ்விட்சையே திருகிப் பார்த்தார். பிறகு யோசித்து, கடையில் மாதிரி காட்ட அதைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஓட்டையில் சுத்தமான துணி ஒன்றைச் செருகினார். "வா போலாம். கடை மத்தியானம் வரைக்கும்தான்."

காவிரிப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போனோம். உதிரிபாகக் கடையில் இருந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒண்ணுதாம்மா. டிரைவர வரச் சொல்லுங்க, அவருக்குத் தெரியும்," என்றார்.

"டிரைவர்தான் வந்து நிக்குறேன்," என்றார் அக்கா. பழையதைக் கண்ணாடி மேசை மேல் வைத்தார். "இதோட திருகு மரையும் புது மரையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. அப்புறம் மீட்டர் வச்சு அழுத்திக் காட்டுங்க."

அவர் ஒரு தடவை அழுத்தினார். கரண்ட் போகிறது என்று மீட்டர் கீச்சென்றது.

"இன்னொரு தடவை."

"என்னம்மா, பொண்ணு பாக்குற மாதிரி பாக்குறீங்க?"

"பொண்ணு பாக்குறதுல தப்பு நடந்தா சண்டைதான் வரும். இதுல தப்பு நடந்தா ஒருத்தரு காலு போகும். அழுத்துங்க."

அவர் மூன்று தடவை அழுத்திக் காட்டினார். நான் அக்காவின் முந்தானை ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். ஒருவர் குரலை உயர்த்தாமலே இப்படி நிற்க முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில், இதெல்லாம் எங்கே படித்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டேன். "பழுது பாக்குறவங்களுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டுப் பக்கத்துலயே நிப்பேன். கண்ணு சும்மாவா இருக்கும்?" என்றார்.

புது ஸ்விட்ச் கையாலேயே இரண்டு சுற்று போனது. மூன்றாவதும் போனது. அக்கா என்னைப் பார்த்து ஒரு புருவத்தை மட்டும் தூக்கினார். செப்பு வாஷர் அழுந்தும் வரை ஸ்பேனரால் இறுக்கி, ஒயரைச் செருகினார். அதற்குள் சாரும், எதிர்வீட்டு மாடிக்காரரும், இன்னும் நாலு பேரும் வந்து நின்றிருந்தார்கள். அக்கா உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பி, கியரைப் பின்னால் இழுத்தார்.

பின்னால் வெள்ளை விழுந்தது. அப்பாவின் முகம், சட்டை, மதில் எல்லாம் வெளுத்தன. அப்பா கையை உயர்த்தினார். அக்கா கியரை எடுத்தார், இருட்டியது. போட்டார், வெளுத்தது. பத்துத் தடவை. பத்துத் தடவையும் அப்பா கையை உயர்த்தினார். கடைசியில் சார், "போதும்மா, நம்பறேன், பேட்டரி தீந்துடப் போறது," என்றார். திங்கட்கிழமை யாரும் எங்களைக் கிளம்பச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அப்பா அக்காவுக்கு ஒரு பெயர் வைத்தார். எங்கள் வீட்டில் பெயர்கள் கையில்தான். முஷ்டியை மடக்கிப் பின்னால் இழுத்தால் கியர். உடனே ஐந்து விரல்களையும் விரித்தால் விளக்கு. அதுதான் வசந்தா அக்கா.

பழைய ஸ்விட்சை அக்கா எறியப் போனார். நான் கை நீட்டினேன், கொடுத்துவிட்டார். அது என்னிடம் இருக்கிறது. அதைவிடக் கெட்டியாக இன்னொன்றும் இருக்கிறது: அப்பாவிடம் சொல்ல வேண்டியதை யார் மூலமாகவும் சொல்லாமல், நடந்து வந்து அவரிடமே சொன்ன அந்தப் பழக்கம்.

அதனால் அந்தக் காலைக்குத் திரும்புகிறேன். வரதன் சார் சொல்லிவிட்டுப் பின் சீட்டில் ஏறினார். துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். புது ஆள் கியரைப் போட்டார். வெள்ளை விளக்கு எரிந்தது. சந்தின் பாதியில் அப்பா பெட்டியை நிமிர்த்தி வைத்து, மதிலோடு ஒட்டி, சிரித்தபடி கையை உயர்த்தினார். கார் அவரைத் தாண்டியபோது ஜன்னலுக்குள் பார்த்தார். கை அப்படியே நின்றது. பிறகு என் பக்கம் திரும்பி, முஷ்டியைப் பின்னால் இழுத்து, விரல்களை விரித்து, எங்கே என்று தலையை ஆட்டினார்.

நான் கூடையைக் கீழே வைத்தேன். நடந்து போய் மேசையை இரண்டு தட்டு தட்டினேன். முஷ்டியைப் பின்னால் இழுத்தேன். விரல்களை விரித்தேன். பிறகு ஒவ்வொன்றாக மூடினேன்.