சோளக்காட்டில் கட்டிய நாடா

பேகம்பூரில் ஒரு காலத்தில் ரீனாவின் கடையைத் தெரியாதவர்கள் கிடையாது. கணவர் பிராங்க்ளினும் அவரும் நடத்திய வீடியோ கேசட் வாடகைக் கடை. சனிக்கிழமை சாயங்காலம் புதுப்படத்துக்கு அடிபிடியாக இருக்கும். எதிர்வீட்டு நர்கீஸ், "படம் இல்லாட்டி உங்க கல்யாணக் கேசட்டையாவது குடுங்கக்கா" என்று வாங்கிப் போய்ப் பார்த்துவிட்டு, வாடகைக் கேசட்டுகளோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்ததுண்டு.

கேசட் போய் சிடி வந்தது. அதுவும் போனதும் செல்போன் ரீசார்ஜ். பிராங்க்ளின் மாரடைப்பில் இறந்த பிறகு ரீனா கடையை மூடிவிட்டார். போன வருஷம் வீட்டுக்கு வெள்ளையடித்தபோது, பரணில் கிடந்த கேசட்டுகளை மகன் ஆனந்த்ராஜ் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டான். "போட்டுப் பாக்க டெக்கே இல்லையேம்மா." ரீனாவும் மறுக்கவில்லை. கல்யாணக் கேசட் பீரோவுக்குள் பத்திரமாக இருப்பதாக நினைத்திருந்தார்.

இந்தத் தை மாதம் எரியோட்டுக்குப் பக்கத்தில் உறவினர் ஒருவரின் புதுவீட்டு ஜெபத்துக்குப் போனார். பஸ்ஸை விட்டிறங்கி நடக்கையில், சோளக்காட்டிலிருந்து 'உய்ங்' என்று சத்தம். கம்புக்குக் கம்பு இழுத்துக் கட்டிய பழுப்பு நாடா காற்றில் அதிர்ந்து மின்னியது. மோட்டார் ரூம் ஓரம் உடைத்துப் போட்ட கேசட்டுகள். எல்லாவற்றிலும் அவர் கடை ஸ்டிக்கர்.

வரப்பில் இறங்கிக் குனிந்தவர் நிமிரவில்லை. கேசட் வைக்கும் காலி அட்டைப்பெட்டி ஒன்றின் மேல் பிராங்க்ளின் கையெழுத்தில், 'எங்கள் கல்யாணம்'.

காட்டுக்காரி மூக்காயி ஓடிவந்தாள். "என்னக்கா, மயக்கமா? செத்த நேரம் உக்காருங்க."

"இது... எங்க கேசட்டும்மா."

"பழைய இரும்புக் கடையில எடுத்தாந்து கட்டுனோம். இந்தச் சத்தத்துக்குக் கிளி அண்டாது."

பெட்டியைக் காட்டி ரீனா விஷயத்தைச் சொன்னார். மூக்காயி பக்கத்துக் கம்பின் முடிச்சில் கை வைத்தாள். "ஆத்தாடி! அவுத்துத் தாரேன்க்கா, கொண்டு போங்க."

"எதுன்னு அவுப்ப?"

மூக்காயி காட்டைப் பார்த்தாள். அவளுக்கும் தெரியவில்லை. ரீனா பக்கத்தில் இருந்த நாடாவைப் பிடித்து வெயிலுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். சினிமா பிலிம் மாதிரி இதில் உருவம் தெரியாது. இத்தனை வருஷம் கேசட் கடை வைத்திருந்தவருக்கு அது தெரியாததல்ல. இருந்தும் பார்த்தார்.

"விடும்மா. கருது முத்துற நேரம், அவுத்தா கிளி வந்துரும். இருக்கட்டும்."

ஜெபவீட்டில் பந்திக்கு உட்காராமல் வாசலுக்கு வந்தார். அங்கிருந்தே மகனுக்குப் போன் போட்டார்.

"அப்பா கேசட்டப் பாத்தேன்டா" என்றார். "எரியோட்டுல, சோளக்காட்டுல கிளி வெரட்டுது."