மைமூன் அக்காவின் பழியும் ஒரு பூங்காவும்

மைமூன் அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் எங்கள் வார்டுப் பூங்காவில், குழந்தைகள் சறுக்கும் குழாய்க்குள் வயிறு மாட்டிக் கிடந்தேன். ஐம்பதைத் தாண்டிய ஒருவன் அதற்குள் ஏன் போனான் என்று கேட்பீர்கள். ஆளில்லாத நேரமாகப் பார்த்து ஒரே ஒரு முறை சறுக்கிவிட வேண்டும் என்பது என் வெகுநாள் ஆசை. ஏறியது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. பாதி வழியில் உடம்பின் ஒரு பகுதி மட்டும் ஒத்துழைக்க மறுத்துவிட்டது. சட்டைப் பையில் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது; எடுக்கக் கை வளையவில்லை. என்னோடு நடக்க வரும் செய்யது வெளியிலிருந்து குழாயைத் தட்டினான்.

"அண்ணே, உள்ளயா இருக்கீங்க? மைமூன் அக்கா போயிட்டாங்களாம்ணே."

இருட்டில் அந்தச் செய்தி ரெண்டு தரம் எதிரொலித்தது. அழுதேன். அழுததில் வயிறு குலுங்கியதோ என்னவோ, வழுக்கிக்கொண்டு வந்து மணலில் விழுந்தேன். எதிரே பலகை: "பெரியவர்கள் சறுக்குமரத்தில் ஏறக் கூடாது." பூங்காவைக் கொண்டுவந்தவரும் அக்காதான், பலகையை வைத்தவரும் அக்காதான். போகிற போக்கிலும் என்னைப் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

அவரை அறிந்த உங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. அறியாதவர்களுக்காக ஒரு வரி: தோல் வியாபாரக் குடும்பத்து மருமகள், எங்கள் வார்டு கவுன்சிலர், நாக்கு நீளம். இப்போது ஊர்ச் சுவரெல்லாம் "கருணை உள்ளமே" என்று ஒட்டியிருக்கிறார்கள். கருணையா? அக்கா இந்த ஊருக்குச் செய்த ஒவ்வொரு நல்ல காரியமும் பழிவாங்கல். அதை மறைத்து அஞ்சலி எழுதினால் கபர்க் குழியிலிருந்து எழுந்து வந்து என்னைக் கேள்வி கேட்பார்.

பழி தொடங்கியது அவர் மகள் ஷமீமாவின் கல்யாணத்தில். ஐப்பசி மழை. அக்கா வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் தங்கவேலின் கல்யாண மண்டபம். மண்டபத்து எச்சில் இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் வருஷக்கணக்காக ஓடையில்தான் விழும். அன்றைக்கு அவையெல்லாம் பாலத்தடியில் அடைத்துக்கொண்டன. தண்ணீர் திரும்பிக் கொல்லைக்குள் வந்தது. அங்கேதான் பிரியாணி தம்மில் இருந்தது. அடுப்பு கரைந்து தேக்சா சாய்ந்தது. யாரோ முகம் தெரியாதவர் சாப்பிட்டு மடித்த வாழை இலை ஒன்று மிதந்து வந்து, நெய் மினுங்கும் சோற்றின் மேல் உட்கார்ந்தது. மாப்பிள்ளை வீட்டார் பன்னும் டீயும் சாப்பிட்டு எழுந்தார்கள்.

அக்கா அழவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குப் போனார். வம்பு என்றால் எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். நானும் பின்னாலேயே போனேன். தங்கவேல் அப்போதே பக்கத்து வார்டு கவுன்சிலர். நாற்காலியை விட்டு எழாமல் சொன்னார்:

"சாக்கடை ஓரமா வீடு கட்டுனா தண்ணி வரத்தான்மா செய்யும்."

"சாக்கடையா? எங்க மாமியா இதுல துணி அலசிருக்கு. இதைத் திருப்பி ஓடையாக்கி, அந்தத் தண்ணில உங்க மூஞ்சியப் பாக்க வைக்கலைன்னா என் பேரு மைமூன் இல்ல."

அடுத்த தேர்தலில் நின்றார். ஜெயித்தார். அவர் சொல்லும் காரணத்தைக் கேட்டுக் கட்சிக்காரர்களே பயந்தார்கள். "என்னத்துக்கு நிக்கிறீங்க?" என்று கேட்டவர்களிடம், "மக்கள் சேவைக்கு" என்று ஒருநாளும் சொன்னதில்லை. "ஒருத்தனைப் பழிவாங்கணும், ஓட்டுப் போடுங்க" என்பார். எங்கள் தெருவில் அவருக்கு எதிர்வாக்கே விழுந்திருக்காது. ஆளுக்கொரு தங்கவேல் எல்லோருக்கும் இருக்கிறார் அல்லவா?

"கோபத்த வாயிலயே வச்சிருந்தா ஊசிப் போகும் பாண்டி. தீர்மானத்துல போட்டு வையி, கெடாது" என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். நான் கோபத்தைக் கட்டுரையில் போடுகிறவன். ஊசிப்போன வாடை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஓடையைத் தூர்வாரும் தீர்மானம் முதலில் நிறைவேறியது. பொக்லைன் வந்தது. அக்கா கரையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, குடை பிடித்து உட்கார்ந்துகொண்டார். சேற்றோடு சேர்ந்து மண்டபத்தின் சரித்திரமே வெளியே வந்தது. மண்டபத்துப் பெயர் எழுதிய நாற்காலிகள், அண்டா மூடிகள், சாம்பார் வாளிகள். கடைசியில் ஒரு பிளெக்ஸ் பேனர். கும்பிட்டபடி சிரிக்கும் தங்கவேல், "வருக வருக" என்று.

"அடடா, இம்புட்டுப் பொருளத் தொலைச்சிட்டுத் தேடிக்கிட்டு இருப்பாரே மனுசன்" என்றார் அக்கா.

நல்ல முகூர்த்த நாளாகப் பார்த்தார். அழுகல் சாமானையெல்லாம் கழுவாமல் தாம்பாளங்களில் வைத்து, தெருப் பெண்கள் தலையில் ஏற்றினார். முன்னால் மேளம். நடுவில் வெற்றிலை பாக்கு, வாழைப்பழம், ஓட்டையான சாம்பார் வாளி. பேனரைப் பிடித்துக்கொண்டு நானும் செய்யதும். தங்கவேலின் முகத்தை என் நெஞ்சோடு அணைத்தபடி திண்டுக்கல் வீதியில் நடந்த அவமானத்தை நான் இன்னும் மறக்கவில்லை; வெள்ளைச் சட்டையில் அவர் மீசை அச்சாகிவிட்டது. மண்டபத்துக்குள் கல்யாணம் நடந்துகொண்டிருந்தது. சீர்வரிசை வருகிறதென்று பெண் வீட்டார் ஓடி வந்து பன்னீர் தெளித்தார்கள்.

தங்கவேல் வாசலுக்கு வந்தார். பார்த்தார். கை கூப்பினார்.

"வாங்கம்மா. பந்தி நடக்குது. சாப்பிட்டுட்டுப் போங்க."

எவ்வளவு திமிர் பாருங்கள். அக்கா என்ன செய்தார் தெரியுமா? உள்ளே போய் உட்கார்ந்து, பாயசம் வரைக்கும் சாப்பிட்டார். தங்கவேலே நின்று பரிமாறினார். வெளியே வந்ததும் நான் பொரிந்தேன்.

"என்னக்கா இது? சண்டைக்கு வந்துட்டு?"

"பசிச்சுச்சுப்பா. அதுக்காகப் பழிய விட்டுட்டேன்னு நினைச்சியா?"

விடவில்லை. ஓடைக்கரையில் மண்டபத்தை ஒட்டி ஒரு நீளமான புறம்போக்கு. முகூர்த்த நாளில் கார்கள் நிற்கும் இடம்; அது போனால் மண்டபத்துக்கு மூச்சு முட்டும். அங்கே பூங்கா வைக்க வேண்டுமென்று அக்கா மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு: ஒருவர் முன்மொழிந்தால் மட்டும் போதாது, இன்னொருவர் வழிமொழிய வேண்டும். இல்லாவிட்டால் தீர்மானம் விவாதத்துக்கே வராமல் செத்துப்போகும். தங்கவேலைப் பகைத்துக்கொள்ள ஒருவருக்கும் தைரியமில்லை. அக்கா எழுந்து முன்மொழிவார். எல்லோரும் மின்விசிறியைப் பார்ப்பார்கள். அக்கா உட்காருவார். கூட்டத்துக்குக் கூட்டம் இதே கதை. பார்வையாளர் வரிசையில் இருந்த எனக்கே கையைத் தூக்கிவிடலாமா என்றிருந்தது. ஆனால் எனக்கு ஏது தைரியம்? கடைசியில் ஒருநாள் யாரோ ஒருவர் கையைத் தூக்கிவிட்டார். தீர்மானம் உயிர் பிழைத்தது. கார்கள் நின்ற இடத்தில் இன்று வேம்பும் புங்கையும் நிற்கின்றன, நான் மாட்டிக்கொள்ளும் குழாயும்.

எனக்கும் அவர் பழி வைத்திருந்தார். "ஓடைக்கரை மகாராணி" என்று அவர் குடையைக் கிண்டல் செய்து இதே பத்திரிகையில் எழுதியிருந்தேன். மறுமாதம் பூங்கா விதிகள் வந்தன. புல்லில் நடக்கக் கூடாது, பூப் பறிக்கக் கூடாது என்ற வரிசையில் மூன்றாவதாக: "சொந்தப் படைப்புகளை உரக்க வாசிக்கக் கூடாது." இந்த ஊரில் அந்தக் குற்றத்தைச் செய்கிறவன் நான் ஒருவன்தான்.

"எனக்காகவே ஒரு சட்டமாக்கா?"

"நடக்க வாரவங்க நெஞ்சு வலியோட வாராங்கப்பா. உன் ஜோக்கையும் தாங்கணுமா?"

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்காவை அடக்கம் செய்த அன்று தங்கவேலும் மையவாடிக்கு வந்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வெயிலில் ஓரமாக நின்றார். எல்லோரும் கிளம்பிய பிறகும் நின்றார். போட்டோக்காரர் வருவார் என்று காத்திருந்தார் போலும். அந்த வாரமே ஓடையில், பாலத்துக்கு மேற்கே, யாரோ ஒரு லாரி கட்டட இடிபாட்டைக் கொட்டிவிட்டுப் போனார்கள். கொட்டியவரை நான் பார்க்கவில்லை. பார்த்துத்தான் தெரிய வேண்டுமா? அக்காவின் நாற்காலி மன்றத்தில் காலி, கேட்க ஆளில்லை. ஐப்பசி நெருங்குகிறது. அந்தக் கல்லையும் மண்ணையும் அள்ளாவிட்டால் தண்ணீர் மறுபடி அதே கொல்லைக்குள்தான் வரும். அங்கே இப்போது ஷமீமா இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் இரங்கல் கூட்டம். தலைமை தங்கவேலாம்! என் ரத்தம் கொதிக்கிறது. நான் போவேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைக்கைப் பிடிக்கும்போது எழுந்து, இந்தக் கட்டுரையை முதல் எழுத்திலிருந்து உரக்க வாசிப்பேன். மூன்றாவது விதியை மீறினேன் என்று பிடித்துப் போகட்டும். கூட்டம் முடிவதற்குள் இடிபாட்டை அள்ளுவதாக அவர் வாயால் சொல்ல வைக்காமல் விடமாட்டேன்.

அக்காவின் குடையை ஷமீமா வைத்திருக்கிறாள். ஓடையில் நாலு நாள் மழைக்கே தெளிந்து ஓடுகிற தண்ணீரை ஊர் வைத்திருக்கிறது. எனக்குக் கிடைத்தது அவருடைய வன்மம். அதை ஊசிப்போக விடமாட்டேன். குனிந்து தன் மூஞ்சியைத் தங்கவேல் அந்தத் தண்ணீரில் பார்க்கும் வரைக்கும் எனக்குத் தூக்கமில்லை.

அச்சுக்கு அனுப்பும் முன் இதை ஷமீமாவிடம் வாசித்துக் காட்டினேன். சிரித்தாள், அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"எல்லாம் சரி மாமா. அன்னிக்கு மன்றத்துல பூங்காவுக்குக் கையத் தூக்குனது யாருன்னு எழுதலையே?"

தங்கவேல்.