பதின்மூன்றாவது சேனல்

என் மேசைமேல் எட்டு ஃபேடர்கள், அதாவது மேலும் கீழும் நகரும் குமிழ்கள், கொண்ட ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. கணினியில் பதிவான குரல்களை விரலால் மேலே தள்ளிக் கூட்டலாம், கீழே இழுத்துக் குறைக்கலாம். ஃபேடர்களுக்கு அடியில் பதினொரு வருடமாக ஒரு பேப்பர் டேப் ஒட்டியிருந்தது. எந்த ஃபேடர் யாருடையது என்று நீல மையில் நான் எழுதியது. ஐந்தாவதன் கீழே 'ஹால் மைக்'. அந்த டேப்பை நம்பித்தான் என் அண்ணிக்குத் தீங்கு செய்தேன்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது நான் பள்ளி மாணவன். செய்யூர்ப் பக்கம் எங்கள் ஊர் தேவாலயத்தில் முப்பது வருடம் தனிக்குரல் பாடியவர். பகலெல்லாம் வேர்க்கடலை பறித்துவிட்டு வந்தாலும் குரல் கம்மாது. நான் செங்கல்பட்டில் பௌதிக ஆசிரியனாக இருந்து ஓய்வுபெற்று, ஊரப்பாக்கம் வீட்டில் ஒலிப்பதிவு செய்யத் தொடங்கியிருந்தேன். லெந்து என்னும் தவக்காலப் பாட்டுகளைப் பதிவுசெய்ய, சபைப் போதகரான ஐயர் கூப்பிட்டார். அண்ணி மைக்கை ஒட்டி நின்று பாடினார்.

"முழுங்கிடாதீங்க அண்ணி" என்றேன்.

"உன் இரும்ப எவன் துன்னுவான்" என்றார்.

நான் பழகியதெல்லாம் பழைய மிக்ஸர்கள். அவற்றில் ஒரு ஃபேடர் என்றால் கடைசிவரை ஒரே குரல்தான்; பெயரெழுதி டேப் ஒட்டுவது அப்போதிருந்த வழக்கம். இந்தப் பெட்டி அப்படியல்ல. ஓரத்துப் பொத்தானை அழுத்தினால் அதே எட்டு ஃபேடர்களும் ஒன்பது முதல் பதினாறுவரையான சேனல்களுக்கு, அதாவது அடுத்த எட்டுக் குரல்களுக்கு, போய்விடும், ஐந்தாவது பதின்மூன்றாவதாகிவிடும். எது தேர்வாகியிருக்கிறது என்று திரை காட்டும், டேப் காட்டாது. பதிவு முடிந்து வீட்டில் குரல்களைக் கலக்கும்போது, கடைசிப் பாட்டில் தேவாலயத்தின் கோடியில் வைத்திருந்த ஹால் மைக் வேண்டாம் என்று தோன்றியது. டேப்பைப் பார்த்து ஐந்தாவதை அடிமட்டத்துக்கு இழுத்தேன். பெட்டி அப்போது இரண்டாவது வரிசையில் இருந்தது. நான் இறக்கியது பதின்மூன்றை, அதாவது அண்ணியை. நூறு தடவை கேட்ட பாட்டுதானே என்று மறுபடி ஓட்டிப் பார்க்காமல் பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து கேட்டார்கள். அண்ணியின் சரணம் வந்தது. தூரத்து ஹால் மைக்கில் விழுந்த குரல் மட்டுமே மிச்சம். மதிலுக்கு வெளியே யாரோ பாடுவதுபோல் இருந்தது.

"இன்னாக்கா, பஸ் ஸ்டாண்டுல நின்னுகினு பாடுனியா?" என்றார் டோலக் வாசிப்பவர். சிரித்தார்கள். ஐயர் என்னைப் பார்த்தார்.

"அண்ணி மைக்கை விட்டுத் தள்ளி நின்னுட்டாங்க" என்றேன்.

அண்ணி என்னையே பார்த்தார்.

அன்று மாலையே கணினியைத் திறந்து பார்த்தேன். பதின்மூன்றாவது அடிமட்டத்தில் கிடந்தது. உண்மை தெரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒலியைப் பாடமாக நடத்தியவன், பள்ளிக்கூடம் பார்க்காத அண்ணியின் முன்னால் தவறினேன் என்று சொல்லக் கூச்சப்பட்டேன். அண்ணி பாடகர் குழுவிலிருந்து எழுந்துபோய்ப் பெண்கள் பாயில் உட்கார்ந்துகொண்டார். வயதாகிவிட்டது என்று சொன்னாராம். அதன்பின் வாய் திறந்து பாடவில்லை. நானும் வாய் திறக்கவில்லை.

போன மாதம் பெட்டியைத் துடைக்கும்போது டேப்பின் ஒரு முனை பெயர்ந்தது. அதற்குமேல் தாங்கவில்லை. பெட்டியையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். அண்ணி வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எதையும் மறைக்காமல் சொல்லி முடித்தேன். அண்ணி கத்துவார் என்று எதிர்பார்த்தேன்.

"நானு ஒட்டிக்கினுதான நின்னேன்? அது எனக்குத் தெரியாதா? அப்ப கொரலுதான் பூட்ச்சி போலன்னு நெனச்சிக்கினேன்" என்றார்.

பேரைத்தான் கெடுத்தேன் என்று இத்தனை நாள் எண்ணியிருந்தேன். தன் தொண்டைமேல் அவருக்கிருந்த நம்பிக்கையையே பறித்திருக்கிறேன். பதின்மூன்றைத் தேர்ந்தெடுத்து, திரையில் சரிபார்த்து, ஃபேடரை மேலே தள்ளினேன். அந்தக் குரல் கூடம் முழுக்க நிறைந்தது. அண்ணி கண்ணை மூடிக் கேட்டார்.

"அப்ப எங் கொரலு போவலியா?"

"போகல அண்ணி. நான்தான் இறக்கிட்டேன்."

"பாவி. பதினோரு வருசம்டா!" முந்தானையால் கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே சிரித்தார். டேப்பைச் சர்ரென்று உரித்து என் நெற்றியில் ஒட்டினார். "பெரிய சயின்ஸ் வாத்தியாரு! இப்டியே கோயிலுக்கு வந்து அல்லார் கிட்டயும் நீயே சொல்லு."

டேப் இல்லாமல் போய், ஐயர் முன்னும் குழுவின் முன்னும் சொன்னேன். நெடுநாள் காய்ச்சல் விட்டாற்போல உடம்பு லேசாயிற்று.

நேற்று அண்ணியைப் பாடவைத்துப் பதிவுசெய்தேன். பெட்டியில் டேப் இருந்த இடம் மட்டும் வெளுத்த கோடாகத் தெரிகிறது. இப்போதெல்லாம் திரையில் பெயரைப் பார்க்காமல் எந்த ஃபேடரையும் தொடுவதில்லை. நேற்றும் பார்த்தேன்; 'அண்ணி' என்றிருந்தது. முதல் அடியிலேயே குரல் அளவுக்கு மீறி, அளவுமானி சிவப்பைத் தொட்டது.

"அண்ணி, மைக்கை விட்டுக் கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றேன்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியாடா?" என்றார். சிரிப்பு அடங்கி மறுபடி பதிவைத் தொடங்க வெகுநேரம் ஆனது.